மூன்றாவது இலை

கோத்தகிரிக்கு அருகே, படுகர்கள் வாழும் ஊரான ஒரு ஹட்டியில், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தலைவராக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் வசிக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், முற்றத்துப் புல்லின் மேல் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்த நேரத்தில், அவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. "ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு நாம எல்லாரும் மேடையில பேசுறோம். அந்த மூணாவது இலை யாரோடதுன்னு யோசிச்சிருக்கியாம்மா?" என்றார். நான் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதியவள். எனக்கு விடை தெரியும் என்றே நினைத்தேன். மூன்றாவது இலை முற்றிய இலை, அதனால் தூளில் நார் கூடும், நிறமும் சுவையும் கெடும், ஏலத்தில் விலை விழும், ஆகவே அது செடியிலேயே விடப்பட வேண்டியது என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "டீ ஆறிடும், குடி" என்று மட்டும் சொன்னார்.

அன்று அவரைத் தேடிச் சென்றதற்குக் காரணம் உண்டு. தொழிலையும் சமூகத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்கக்கூடிய மூத்தவர்களிடம் சென்று அமர்ந்து பேசுவதை நான் ஒரு படிப்பாகவே வைத்திருக்கிறேன். வணிகவியல் பட்டம் பற்று வரவு எழுதக் கற்றுக்கொடுத்தது. ஒரு மலையின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதை நான் பிறரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி, மஞ்சூர் என்று பேருந்தில் செல்வேன். தொடக்கத்தில் அவர்கள் சொல்லும் நல்ல வாசகங்களைக் குறித்துக்கொள்வதே என் வேலையாக இருந்தது. மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. அண்மையில் அவற்றை எடுத்துப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உழைப்பு, நேர்மை, தொலைநோக்கு, பொறுமை பற்றிய அந்த வாசகங்களை யாரும் எந்த ஊரிலும் சொல்லியிருக்கலாம். சொன்னவர்களிடம் குறையில்லை, நான்தான் தவறான இடத்தில் பேனாவை வைத்திருந்தேன். அந்தச் சந்திப்புகளிலிருந்து என்னிடம் உண்மையில் தங்கியவை வேறு: ஒருவர் எதை எண்ணிப் பார்த்தார், எதை எண்ணாமல் விட்டார், எண்ணாமல் விட்டது பிற்பாடு அவருக்கு எப்படித் தெரியவந்தது என்பவை.

கோப்பையும் லாரியும்

குன்னூரில் தேயிலை ஏலம் 1963 முதல் நடந்து வருகிறது. அந்த ஏலத்துக்கு வரும் தூளை வாழ்நாள் முழுவதும் சுவைத்துத் தரம் சொன்ன ஒருவரிடம் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஓசை எழ உறிஞ்சி, நாவில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குச் செல்பவர்கள் அவர்கள். ஏல வாரத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகள். இந்தத் தூளின் இலை தொழிற்சாலைக்கு வரும் முன்பே சூடேறிச் சிவந்துவிட்டது என்று கோப்பையை வைத்துச் சொல்ல அவரால் முடியும். இளம் வயதில் அதைச் சொல்லி, தொழிற்சாலைக்காரரைக் கடிந்து கடிதம் எழுதுவதோடு தம் வேலை முடிந்தது என்று இருந்தாராம். ஒரு முறை தென்மேற்குப் பருவமழையின்போது, அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க விரும்பி, இலை ஏற்றும் லாரியில் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்து ஒரு நாள் முழுவதும் சென்றிருக்கிறார்.

அந்த ஒரு நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். லாரி நின்ற இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம், மண் சரிந்து பாதை அடைத்த இடத்தில் எவ்வளவு நேரம், இலையைச் சாக்கில் காலால் மிதித்து அடைத்தது ஏன், அப்படி அடைக்காவிட்டால் இன்னொரு நடை வண்டி வைக்க எவ்வளவு செலவாகும் என்று அனைத்தும் அவருக்கு நினைவில் இருந்தன. மிதித்து அடைத்த சாக்கில் இலை மூச்சுவிடாது. கை வைத்தால் சுடும். அங்கேயே சிவக்கத் தொடங்கிவிடும். அவருடைய நாவில் பட்ட குற்றத்துக்குக் காரணம் தொழிற்சாலையில் இல்லை, ஒரு நடை வண்டிச் செலவில் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் கடிதம் எழுதினார். ஆனால் அந்தக் கடிதங்களில் வண்டியைப் பற்றியும் சாக்குக்குப் பதில் வலைப்பையைப் பற்றியும் எழுதினார். தம் திறமை முடிகிற இடத்திலிருந்து மேலும் ஒரு நாள் பயணம் செய்தவர் என்பதால் அவரை நான் மதிக்கிறேன்.

அவர் வழியாக அறிமுகமான தொழிற்சாலை உரிமையாளர் ஒருவர் எனக்கு வேறொரு முடிச்சைக் காட்டினார். ஒரு கிலோ தூளுக்கு 4 முதல் 4.5 கிலோ பச்சை இலை வேண்டும். அந்த இலை நாற்பது ஐம்பது தோட்டங்களிலிருந்து வருகிறது. சாலையோரத்தில் தராசு மாட்டி எடை போட்டு, நல்ல இலை, முற்றிய இலை அனைத்தையும் ஒரே லாரியில் கொட்டிய பின், யார் இலை எது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. கவனமாகப் பறித்தவருக்கும் கண்டபடி அறுத்தவருக்கும் ஒரே விலை என்றால், கவனமாகப் பறித்தவர் எடையை இழந்து நட்டப்பட்டவர் ஆகிறார். இதை மாற்ற நினைத்த அவர், நல்ல இலைக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டித் தருவதாக, தோட்டங்களில் இலை வாங்கித் தொழிற்சாலைக்குத் தரும் ஏஜெண்டிடம் சொல்லி, இரண்டு பருவம் தந்தும் பார்த்தார். அந்தப் பணம் விவசாயியைச் சென்று சேரவில்லை. இதைச் சொன்னபோது அவர் ஏஜெண்டைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. மகள் கல்யாணத்துக்கும், கோவை மருத்துவமனைச் செலவுக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் இரவோடு இரவாக முன்பணம் கொடுப்பவர் அந்த ஏஜெண்ட்தான் என்றும், அந்த முன்பணத்துக்கு வட்டி எங்கோ ஓரிடத்தில் வசூலாகத்தானே செய்யும் என்றும், தாம் தந்த கூடுதல் விலை அந்த வட்டியோடு கலந்துவிட்டது என்றும் விளக்கினார். இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் தர நான் தயாரா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன், தயாராக இல்லை, அதனால் அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்குப் பாதிதான் என்றார். பாதி என்று அவர் அளந்து சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இரண்டு பேரிடமும் கற்ற பாடத்தோடுதான் அந்த மார்கழிக் காலையில் பெரியவரின் திண்ணைக்குச் சென்றேன். நல்ல இலைக்குத் தனி எடை, தனி விலை, நேரடிக் கொள்முதல் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் பாராட்டுவார் என்ற நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் தரத்துக்காகத் தம் பதவியையே இழந்தவர் என்று எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

அவர் தம் அப்பாவிலிருந்து தொடங்கினார். உருளைக்கிழங்கை மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு, மண்டிக்காரர் சொல்லும் எடைக்கும் விலைக்கும் தலையாட்டி வந்த காலம் ஒன்று இருந்தது. 1930களில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவாகி, படுகர் தலைவரான ஆரி கவுடர் அதை முன்னின்று நடத்திய பின்புதான், விற்றது எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எழுதிய காகிதத்தைத் தம் வாழ்வில் முதல் முறையாகப் பார்த்ததாக அவர் அப்பா சொல்வாராம். கூட்டுறவு என்றால் தமக்கு அந்தக் காகிதம்தான் நினைவுக்கு வரும் என்றார் பெரியவர். பிறகு 1961-இல் உதகைப் பகுதியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. கிழங்கு நம்பிக்கை தராமல் போகப் போக மலைச்சரிவுகள் தேயிலையாயின. அந்தத் தேயிலைக்கும் அதே காகிதம் வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தவைதான் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள். அவற்றின் இணையமாக 1965-இல் தொடங்கப்பட்ட இண்ட்கோசர்வின் கீழ் 16 தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பது நம் மலையில் அனைவருக்கும் தெரிந்ததே. விவசாயியே உறுப்பினர், உறுப்பினருக்கு ஒரு வாக்கு, அந்த வாக்கில் வருபவர் தலைவர்.

அவர் தலைவராக வந்த காலம் மிகக் கெட்ட காலம். தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததில் தொடங்கிய சரிவு, அந்தப் பத்தாண்டின் முடிவில் பசுந்தேயிலை விலையைக் கிலோ 5 ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. மலை முழுவதும் மறியலும் உண்ணாவிரதமும் நடந்த நாட்கள் அவை. உரம் போடவோ, செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்து செய்யவோ பணமில்லாமல் தோட்டங்களை அப்படியே விட்டவர்கள் பலர். அரசிடம் கேட்பதை அரசிடம் கேட்போம், நம் கையில் இருப்பதை நாம் செய்வோம் என்று பெரியவர் ஒரு முடிவெடுத்தார்: முற்றிய இலையைத் தொழிற்சாலை வாங்காது. ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் பரப்பி, மொட்டோடு கூடிய தளிர் ஒரு பக்கம், முற்றியது ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் வாரம் திருப்பி அனுப்பப்பட்ட இலையில் அவருடைய சொந்தத் தம்பியின் இலையும் இருந்தது. திட்டினார்கள், கெஞ்சினார்கள், பிறகு மெல்ல மாறினார்கள். நான்கைந்து மாதங்களில் அந்தத் தொழிற்சாலைத் தூள் குன்னூர் ஏலத்தில் அண்டைத் தொழிற்சாலைகளைவிடக் கூடுதல் விலைக்குப் போகத் தொடங்கியது. உறுப்பினர்களுக்கும் கூடுதல் விலை கிடைத்தது. இதுவரை எனக்குத் தெரிந்த கதைதான். அதன் பின் இலை பறிக்க ஆள் கிடைக்காமல் போனது, விவசாயிகள் பொறுமை இழந்தார்கள், அடுத்த தேர்தலில் அவர் தோற்றார், மக்களுக்குத் தரத்தின் அருமை புரியவில்லை என்று அந்தக் கதை முடியும். பத்து ஆண்டுகளுக்கு மேல் தாமும் அதை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். முன்பு அவர்கள் ஹட்டித் தோட்டங்களில் இலை பறித்தவர். அந்த ஆண்டு வேலையை விட்டுத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போனவர்களில் ஒருவர். அடையாளம் கண்டு, நலம் விசாரித்து, பேச்சு பழைய நாட்களுக்குப் போனபோது, அந்தப் பெண் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாராம்: "தலைவரே, உங்க ரெண்டு இலைக்குக் கூலி குடுத்தது எங்க மூணாவது இலைதான்."

குஞ்சப்பனை வரும் வரை தாம் ஒன்றும் பேசவில்லை என்றார் பெரியவர். கணக்கு அவ்வளவு எளியது. பறிப்பவருக்குக் கூலி கிலோ கணக்கில். முன்பு ஒரு நாளில் 30 கிலோ பறித்த பெண், இரண்டு இலையும் மொட்டும் மட்டும் கிள்ளினால் 20 கிலோ பறிப்பதே அரிது. கூடுதல் கவனம், கூடுதல் நேரம், குறைந்த எடை. விவசாயிக்கு எடை குறைந்தாலும் விலை கூடியதால் கை நிகர் ஆனது, சிலருக்கு மிஞ்சவும் செய்தது. தொழிற்சாலைக்கு நல்ல பெயர். பறிப்பவருக்கு மட்டும் கிலோவுக்கான கூலி பழையபடியே நின்றது; அதை உயர்த்த வேண்டும் என்று ஒரு கூட்டத்திலும் பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்று இரவு தமக்குள் கேட்டுப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த விடை, உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது. உறுப்பினராகத் தேயிலை நிலம் வேண்டும். இலை பறித்த பெண்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கூட்டத்துக்கு வர மாட்டார், கூட்டத்துக்கு வராதவரின் நட்டம் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. "எடுத்த முடிவு சரிதாம்மா. அதுக்கு ஆன செலவை யார் கணக்குல எழுதினேன்னு நான் பார்க்கல. பார்க்காம, மக்களுக்குப் புரியலைன்னு பத்து வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

நான் என் திட்டத்தை எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதில் தொழிற்சாலைக்கு ஒரு பத்தி இருந்தது, விவசாயிக்கு ஒரு பத்தி இருந்தது, ஏஜெண்டின் முன்பணத்தை எப்படி ஈடுகட்டுவது என்றும் ஒரு பத்தி இருந்தது. இலையைப் பறிப்பவர் யார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏலத்தில் கிடைக்கும் விலையை விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்று பிரித்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கும் முறையை நான் பல ஆண்டுகள் கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த 65-க்குள் பறித்த கைக்கு எவ்வளவு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குறைந்தது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் அப்போது பொருந்தியது என்றும், நம் சிறு தோட்டங்களில் பறிப்பவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் தேர்வுக்குப் படித்த விவரமாகத்தான் வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. என் அம்மா இலை பறித்தவர்.

அம்மாவின் குடும்பம் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, எங்கெங்கோ சுற்றி, தெரிந்த தொழில் தேயிலை என்பதால் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா தன் 15 வயதிலிருந்து கோத்தகிரிச் சிறு தோட்டங்களில் கூடையைச் சுமந்தார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். அந்தத் தேயிலைக் கணக்கில் அம்மாவை நானே எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, விலை விழுந்திருந்த அந்த ஆண்டுகளில் எந்த ஊர்த் தோட்டத்திலாவது நல்ல இலைதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டேன். அம்மா சிறிது யோசித்துவிட்டு, "ஒரு வருஷம் அப்படி இருந்துச்சு. எவ்வளவு அடிச்சுப் புடிச்சாலும் 22 கிலோவத் தாண்டல. ஊர்ல பாட்டி காலத்துல எடை கொறைஞ்சா அரைப் பேர் போடுவாங்க, அந்த மாதிரி இருந்துச்சு" என்றார். ஊர் என்று அவர் சொன்னது இலங்கைத் தோட்டத்தை. குறித்த எடை வராத நாளுக்கு அங்கே பாதிச் சம்பளம்தான். அதற்குப் பெயர் அரைப் பேர். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. கட்டணம் கட்ட அம்மா காதுத் தோட்டை விற்றதை மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏன் விற்க வேண்டி வந்தது என்று நான் கேட்டதில்லை.

இதில் எனக்கு இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. தம் தவறைத் தாமே எடுத்துச் சொன்ன பெரியவரை நான் உயர்வாக நினைக்கிறேன். அவருடைய அந்த ஒரு மணி நேரப் பேச்சு என் பட்டப்படிப்பைவிட எனக்குப் பெரியது. ஆனாலும் அவருடைய தெளிவு பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு பேருந்துப் பயணத்தின் தற்செயலால் வந்தது. அந்தப் பெண் அடுத்த வண்டியில் ஏறியிருந்தால் வந்திருக்காது. திருப்பூருக்குப் போனவர்களுக்கு அந்தத் தெளிவால் ஒரு காசும் திரும்பி வரவில்லை. சிந்தனை உள்ள தலைவர்களிடம் பேசிக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் இத்தனை ஆண்டுகள் நம்பி வந்ததில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடம் நான் பேசவே போனதில்லை. லாரி ஓட்டுநர் பேசியதால்தான் சுவைப்பவருக்குத் தெரிந்தது. இரவில் கதவைத் தட்டிய விவசாயியின் கதை கேட்டதால்தான் உரிமையாளருக்குப் புரிந்தது. ஆனால் என் நோட்டுப் புத்தகங்களில் சுவைப்பவரும் உரிமையாளரும் மட்டுமே இருக்கிறார்கள். அதற்காக மூத்தவர்களிடம் செல்வதை நான் நிறுத்தவில்லை. இப்போது செல்லும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கிறேன்: நீங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? சிலர் தாமே கொடுத்ததாகச் சொல்கிறார்கள். சிலர் எரிச்சலடைகிறார்கள். ஊராட்சித் தலைவராக இருந்த ஒருவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு குடியிருப்பின் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் அன்று பேச அவருக்கு மனம் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

எடைச் சீட்டு

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, இப்போது எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகள் 28 பேர் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். இலையைத் தனித்தனியாக எடை போட்டு, வலைப்பையில் கட்டி, நல்ல இலைக்குக் கூடுதல் விலை தரச் சம்மதித்த ஒரு தொழிற்சாலைக்கு நேரடியாக அனுப்புகிறோம். தொடக்கக் கூட்டத்திலேயே மூன்றாவது இலையைப் பற்றிப் பேசினேன். நல்ல இலை பறிக்கும் நாளில் கிலோவுக்கான கூலி உயர வேண்டும், 20 கிலோ கிள்ளியவருக்கு முன்பு 28 கிலோவுக்குக் கிடைத்ததற்குக் குறையாமல் கிடைக்க வேண்டும், அந்தத் தொகை கூடுதல் விலையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டு மிச்சம்தான் விவசாயிக்குப் பிரிக்கப்பட வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கூட்டங்கள் வாக்குவாதத்தில் போயின. இறுதியில் ஒத்துக்கொண்டார்கள், மூன்று பேர் விலகிய பிறகு. நாங்கள் 31 பேராகத் தொடங்கியவர்கள்.

விலகியவர்களில் ஒருவர் சொன்னது எனக்கு இன்னமும் வலிக்கிறது, ஏனென்றால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. அவரும் மனைவியும்தான் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள். இரண்டு இலை பார்த்துக் கையால் கிள்ள அவர்களுக்கு நாள் போதாது, முதுகும் தாங்காது. "கூலிக்கு வர்றவங்களுக்கு நீங்க கணக்கு வெச்சீங்க. சொந்தத் தோட்டத்துல கூலி இல்லாம வேலை செய்யுற என் பொஞ்சாதிக்கு எந்தக் கணக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை; இன்றும் இல்லை. ஆள் பற்றாக்குறையால் பறிக்கும் இயந்திரங்களும் எங்கள் பக்கம் வந்துவிட்டன. அவற்றைப் பெரும்பாலும் ஆண்கள்தான் தோளில் மாட்டுகிறார்கள், அந்த நாட்களில் பெண்களுக்கு வேலை இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. விலகியவர் வீட்டுக்கு அடுத்த வாரம் தாமும் வருவதாகச் சொன்னார், வந்தார். ஒரு மதியம் முழுவதும் அவர்கள் முற்றத்தில் அமர்ந்து, அந்த அம்மாள் ஒரு நாளில் செய்யும் வேலையை மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். அதை வைத்து என்ன செய்வது என்று எங்கள் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

எங்கள் எடைச் சீட்டில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறோம். மற்ற இடங்களில் தோட்டக்காரர் பெயரும் எடையும் மட்டும்தான் இருக்கும். எங்கள் சீட்டில் பறித்தவர் பெயருக்கும் ஒரு வரி உண்டு. கடந்த மாதம் அந்தச் சீட்டுக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, தோட்டத்துக்குப் போய் ஆண்டுகள் ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றார். பெயரும் கிலோவுமாக வாசித்தேன்: 24, 26, 23, 25. நான்காவது சீட்டுக் கட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே நான்கு நாட்களாக 13, 14 என்றே இருந்தது. புதிதாக வந்தவள், கை பழகவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கை பழகாத புள்ளன்னா ஒரு நாள் பதினொன்னு, ஒரு நாள் பதினாறுன்னு ஏறி எறங்கும். இது ஒரே மாதிரி இருக்கு. அவளுக்குக் கவ்வாத்து மலையக் குடுத்திருக்காங்க. போய்ப் பாரு" என்றார்.

மறுநாள் காலை சென்று பார்த்தேன். மற்றவர்கள் பறிக்கும் சரிவுக்கு மேலே, கவ்வாத்து வெட்டி ஓராண்டுகூட ஆகாத செடிகளுக்கு நடுவே, அந்தப் பெண் தனியாக நின்று பறித்துக்கொண்டிருந்தாள். செடிகள் அவள் முழங்காலுக்கு வந்தன.